மூன்று ஷிஃப்ட் பார்த்த நாய்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கையில் கிடைத்த அன்றைக்கே நான் வாயைத் திறந்திருந்தால், இது கதையாகவே ஆகியிருக்காது. ஒரு நாயும் நோயில் விழுந்திருக்காது. நல்ல கதை ஒன்று மாட்டியிருக்கிறது என்கிற அற்ப சந்தோஷத்தில் நாலு மாதம் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். திட்டுவதென்றால் இங்கேயே திட்டிவிட்டு மேலே படியுங்கள்.

நான் டிரைவர். மறைமலைநகரில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிற பஸ். மாமல்லபுரத்தில் எடுத்து, திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாகப் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். ஒரு நாளைக்கு மூன்று நடை. இடையில் கடைசி சீட்டில் காலை நீட்டித் துண்டு துண்டாகத் தூங்குவேன். என் தூக்கம் என்றைக்கும் முழுசாக இருந்ததில்லை, அதனால் என் விழிப்பும் முழுசு கிடையாது. கொளவாய் ஏரியைத் தாண்டும்போது தண்ணீர் சில நாள் ரோட்டைவிட உயரமாகத் தெரியும். (கதை எழுத இது நல்ல உடம்பு. பஸ் ஓட்ட அல்ல. கம்பெனிக்காரர்கள் கதை படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

2

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

"கடல் அன்றைக்கு ரோடு வரைக்கும் வந்திருந்தது."

வராது. நான் சொல்லப்போகிற சவுக்குத் தோப்பு நிறுத்தத்துக்கும் கடலுக்கும் நாலு கிலோமீட்டர். என் கனவில் வந்தது. அடித்துவிட மனசில்லாமல் விட்டிருக்கிறேன்.

"நாய்க்கு எது ஏற்ற உணவு, எது ஆகாத உணவு என்பது குறித்து நம்மில் பலருக்கு"

இப்படித் தொடங்கினால் நானே படிக்க மாட்டேன்.

"ஒரு நாய்க்கு மூன்று பெயர் இருந்தது."

இதை என் மனைவி கன்னியம்மாவிடம் படித்துக் காட்டினேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"நாய்க்கு சோறு வெச்சதெல்லாம் ஒரு கதையா? நீ மொதல்ல நேரத்துக்கு வூட்டுக்கு வந்து சாப்டு. உன்ன யாருனா வெச்சி ஒரு கதை எழுதப்போறான்."

இருந்தாலும் மூன்றாவதையே வைத்துக்கொள்கிறேன்.

3

ஒரு நாய்க்கு மூன்று பெயர் இருந்தது.

பூஞ்சேரி தாண்டி, திருக்கழுக்குன்றம் ரோட்டில், தகரக் கூரை போட்ட நிறுத்தம். பின்னால் சவுக்குத் தோப்பு. நாய் செம்பழுப்பு நிறம், இடது காது மடிந்திருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி ஒரு பத்தி எழுதி, பிறகு கிழித்துவிட்டேன்.

கம்பெனியில் மூன்று ஷிஃப்ட். அந்த நிறுத்தத்தில் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு கூட்டு. வாரம் மாறினால் நேரம் மாறும், கூட்டு மாறாது. வேலைக்குப் போகிற கூட்டை நான் ஏற்றிப்போய் இறக்கிவிட்டு, முடித்த கூட்டைத் திருப்பிக் கூட்டி வருவேன். ஆகவே ஒரு கூட்டு இந்த நிறுத்தத்தில் இன்னொரு கூட்டைப் பார்க்கவே முடியாது.

அவர்கள் சந்திப்பது மெஷின் பக்கத்தில், பத்தே நிமிஷம். நடுவில் ஒரு நோட்டு. எந்த மெஷின் ஓடுகிறது, எது நின்றது, எதற்கு எவ்வளவு எண்ணெய் ஊற்றியாயிற்று, அடுத்து வருகிறவர் எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும், எல்லாம் எழுதி, கொடுத்தவர் ஒரு கையெழுத்து, வாங்கியவர் ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்து விழாமல் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. இரும்புக்கு ஊற்றிய எண்ணெய்க்கு அவ்வளவு ஒழுங்கு.

நாயைப் பற்றி அந்தப் பத்து நிமிஷத்தில் யாரும் பேசியதில்லை. காரணம் இருக்கிறது. கேன்டீன் சாப்பாட்டை வெளியே எடுத்துப்போகக் கூடாது. ஆனால் மூன்று கூட்டும் டிபன் டப்பாவின் அடித்தட்டில் ஒளித்து எடுத்து வந்து, இந்த நிறுத்தத்தில் இறங்கி, நாய்க்கு வைத்தது. நாயைப் பற்றிப் பேசினால் டப்பாவைப் பற்றியும் பேச வேண்டி வரும். அதனால் ஆளுக்கு ஆள் கமுக்கம்.

ஏசுபாதம் அண்ணன் கூட்டு அதற்கு வைத்த பெயர் சூப்பர்வைசர். ("ஒரு வேலையும் செய்யாது, நின்னு பாத்துகினே கீது. வேற இன்னா பேர் வெக்கறது?") வைத்தது சால்னா ஊற்றிய சோறு, புதன்கிழமை பிரியாணி.

ரஞ்சித்குமார் கூட்டு இளவட்டம். அவர்களுக்கு அது பேரிங். டீ நேரத்து வெங்காயப் பக்கோடா நாலைந்து.

செங்கல்வராயன் கூட்டுக்கு அது வெறும் மணி. வைத்தது சாம்பார் சோறு.

மூன்று கூட்டும் வேலைக்குப் போக நிறுத்தத்துக்கு வரும்போது நாய் தோப்புக்குள் சுருண்டு கிடக்கும், முந்தைய கூட்டு போட்டது செரிக்க. இவர்கள் அதைப் பார்த்து, "பசில சுருண்டு கெடக்குது பாரு" என்பார்கள். திரும்பி வரும்போது ஒரு பிடி சேர்த்து வைப்பார்கள்.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு பாத்திரத்தின்மேல் சந்தேகம்.

செங்கல்வராயனை முதல் பிரதியில் கஞ்சனாக எழுதியிருந்தேன். கறி கொடுக்க மனசில்லாமல் சாம்பார் சோறு போடுகிற ஆள். கதையில் யாராவது ஒருவர்மேல் பழியைப் போட்டால் எழுத வசதி. ஆனால் அது பச்சைப் பொய். அவர் இறங்கியதும் நிறுத்தத்துப் பக்கத்துப் பாதாம் மரத்தில் இலை ஒன்றைப் பறித்து, துடைத்து, அதில் சோற்றைக் கொட்டி, குந்திக்கொண்டு விரலால் துழாவுவார். ஒவ்வொரு மிளகாயாகப் பொறுக்கி எறிவார், அதற்கு நாக்கு எரியக் கூடாதாம். சின்ன வெங்காயத்தை விட்டுவிடுவார்.

"வெங்காயம் குளிர்ச்சி. வெந்து மெத்துனு கீது பாரு. துன்னட்டும்."

அன்பு இவ்வளவு நுணுக்கமாகத் தப்புப் பண்ணும் என்று எனக்குக் கற்பனை செய்யத் தெரியாது. அது நடந்ததால் எழுதுகிறேன்.

(பின்குறிப்பை நடுவிலேயே போடுகிறேன், கடைசியில் இடம் இருக்காது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தை உடைக்கும். பச்சையாக இருந்தாலும் சரி, வெந்தாலும் சரி, எண்ணெயில் பொரிந்தாலும் சரி. இது எனக்கு அப்போது தெரியாது. தெரியாது என்பதை என் பக்கத்து நியாயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அடுத்த பகுதியைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.)

5

மூன்று கூட்டும் இறங்குவதைப் பார்க்கிற ஒரே கண்ணாடி என் தலைக்கு மேலே இருக்கிறது.

ஒரே நாய், ஒரே வால், மூன்று பெயர். முதல் தடவை புரிந்தபோது தனியாகச் சிரித்தேன். அன்றைக்கே நோட்டு வாங்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மூன்று கூட்டும் சேர்ந்து சிரிக்கும், பிறகு ஒரே பெயர் வைப்பார்கள், கதை அவ்வளவுதான்.

தூக்கத்திலும் அது வர ஆரம்பித்தது. கடைசி சீட்டில் படுத்திருப்பேன். கடல் தோப்புக்குள் சத்தமில்லாமல் வந்து பஸ் சக்கரத்தை நனைக்கும். நாய் படியேறி வந்து ஒரு சீட்டில் உட்காரும். பிறகு அதே நாய் மறுபடி ஏறி அடுத்த சீட்டில் உட்காரும். மறுபடியும். மூன்றும் ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வரும். எந்த நிறுத்தத்திலும் இறங்காது. நான் ஓட்டிக்கொண்டே இருப்பேன், சந்தோஷமாக இருக்கும்.

விழித்ததும் குறிப்பு எழுதுவேன். மூன்றாம் மாதக் குறிப்பு ஒன்றை அப்படியே தருகிறேன்:

"வயிறு ஊதியிருக்கிறது. மூன்று வீட்டு மாப்பிள்ளை."

நாலாம் மாதம்:

"நாய் இப்போது பஸ் பின்னால் ஓடி வருவதில்லை. படுத்தபடியே வாலை மட்டும் ஆட்டுகிறது. நல்ல வரி."

நல்ல வரி என்று நானே என் கையால் எழுதியிருக்கிறேன். இதை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்து, பிறகு வைத்துவிட்டேன். இருக்கட்டும், நாலு பேர் பார்க்கட்டும்.

6

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, மதியம் ஒரு மணி நடை. ரஞ்சித்குமார் கூட்டு ஏற வேண்டும். யாரும் ஏறவில்லை. எல்லோரும் தோப்பு ஓரத்தில் குனிந்து நின்றார்கள்.

"அண்ணாத்த, பேரிங் எழுந்துக்க மாட்டேங்குது. ஒண்ணுக்கு டீ டிகாஷன் கலர்ல போது. வாயப் பாரேன்."

உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு தேங்காய்ப் பத்தை மாதிரி வெளுத்திருந்தது. மூச்சு மட்டும் ஓடிவந்த நாய்க்கு வாங்குகிற மாதிரி வாங்கியது.

"வண்டில ஏத்து" என்றேன்.

"லேட் ஆனா பன்ச் போய்டுமே அண்ணாத்த" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"போவட்டும் மச்சான்" என்று ரஞ்சித்குமார் சட்டையைக் கழற்றி நாயைச் சுற்றினான். செங்கல்பட்டு வரைக்கும் நாற்பது பேர் இருந்த பஸ்ஸில் என்ஜின் சத்தமும் அந்த மூச்சும்தான் கேட்டன.

7

செங்கல்பட்டு கால்நடை ஆஸ்பத்திரி. டாக்டர் கீர்த்தனா சின்ன வயசு. நாயின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், வாயைப் பார்த்தார்.

"என்ன சாப்பிட்டுச்சு?"

"பக்கோடாதான் மேடம் போடுவோம். வெங்காயப் பக்கோடா" என்றான் ரஞ்சித்குமார்.

"எவ்வளவு?"

"நாலஞ்சு. டெய்லி."

"அதுக்கே இவ்வளவு ஆகாதே. வேற யாராவது ஏதாவது வைக்கறாங்களா?"

"இல்ல மேடம். இதுக்கு எங்கள விட்டா வேற யாரும் கெடையாது."

முதல் பிரதியில் இதற்கு அடுத்த வரி: "நான் உடனே எல்லாவற்றையும் சொன்னேன்."

உடனே சொல்லவில்லை. வெளியே பஸ்ஸில் யாரோ ஹாரன் அடித்தார்கள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது. மேசைமேல் அந்த விலா இரண்டு தடவை ஏறி இறங்குகிற வரைக்கும் சும்மா நின்றேன். பிறகுதான் சொன்னேன்: சால்னா, பிரியாணி, எலும்பு, சாம்பார், சின்ன வெங்காயம், மூன்று கூட்டு, மூன்று வேளை, ஒரு நாள் விடாமல்.

டாக்டர் எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார். "ஒரு கூட்டு மட்டும் போட்டிருந்தா ஒருவேளை தாங்கியிருக்கும். மூணும் சேர்ந்து, இத்தனை நாள் சேர்ந்து, ரத்தம் உடைஞ்சுகிட்டே வந்திருக்கு. நல்லவேளை சொன்னீங்க. நான் வேற ஏதோன்னு தேடிக்கிட்டு இருந்திருப்பேன்."

ரஞ்சித்குமாருக்கு முதலில் நாய்மேல்தான் கோபம் வந்தது. "அப்ப இது எங்க நாய் இல்லியா?" என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். "ஒனக்கு எப்பத்துலருந்து தெரியும் அண்ணாத்த?"

"நேத்துதான் கவனிச்சேன்" என்றேன்.

இந்தக் கதையில் நான் இட்டுக்கட்டிய ஒரே வசனம் இதுதான். அதையும் எழுதும்போது இட்டுக்கட்டவில்லை, அங்கேயே, நேரிலேயே இட்டுக்கட்டினேன்.

8

அன்றைக்கு ஷிஃப்ட் முடித்து ஏறிய ஏசுபாதம் அண்ணனிடம் நான்தான் விஷயத்தைச் சொன்னேன். என் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்திருந்தார். செங்கல்பட்டு மேம்பாலம் ஏறும்போது கண்ணாடியில் பார்த்தேன், அழுதுகொண்டிருந்தார்.

"நான் வெறும் எலும்ப வெக்கல அண்ணாத்த. என் பீஸையே வெச்சேன். ரெண்டு பீஸ் குடுப்பான், அதுல பெருசு அதுக்குத்தான்."

"தெரியும்ணே" என்று வாய் வரைக்கும் வந்தது. தெரியும் என்றால் எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்பார். விழுங்கிவிட்டேன்.

நாய் டாக்டரிடம் ஒன்பது நாள் இருந்தது. இன்னொரு நாயிடமிருந்து ரத்தம் எடுத்து ஏற்றினார்கள். அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: ரெண்டு வேளை போதும். சோறு, எலும்பில்லாத வேகவைத்த கோழி, அவித்த முட்டை, கேரட், பூசணி. உப்பு, காரம், மசாலா வேண்டாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கிட்டேயே வரக் கூடாது. வேகவைத்த எலும்பு குடலைக் குத்தும். எப்போதும் நல்ல தண்ணீர்.

"எல்லாத்தையும் விட முக்கியம், ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்கணும். அது என்ன சாப்பிடுதுன்னு முழுசா தெரிஞ்ச ஒருத்தர். இன்னொரு தடவை இப்படி ஆனா என்னால காப்பாத்த முடியாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று கூட்டும் முதல்முறையாக அந்தத் தகரக் கூரையின் கீழ் ஒன்றாக நின்றது. செங்கல்வராயன் நாயின் பக்கம் வரவே இல்லை. தூரமாக நின்று தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெண்டு வேளைதான் என்றதும் சண்டை வந்தது, மூன்றாவது கூட்டு என்ன செய்வது?

"வாரம் ஒரு கூட்டு மொற வெச்சி தண்ணி மட்டும் மாத்தும்" என்றார் ஏசுபாதம்.

"சும்மா தண்ணி மாத்தறதுக்கு ஒரு கையெழுத்தா?" என்றான் ரஞ்சித்குமார்.

"சும்மா இருக்கறதுதான்டா கஷ்டம். போட்டுட்டுப் போ."

நோட்டு என்று முடிவாயிற்று, மெஷினுக்கு வைக்கிற மாதிரியே. போட்டது என்ன, நாயின் நிலை என்ன, கொடுத்தவர், வாங்கியவர். பொறுப்பு யார்? ஏசுபாதம் என் தோளில் கை வைத்தார்.

"இவருதான். மூணு கூட்டையும் பாக்கறவரு இவரு ஒருத்தரு. மொத நாள் பாத்தத மறுநாளே டாக்டராண்ட சொன்னாரு பாரு, அதான் மனுசன். நம்ம கண்ண மூடிகினு நம்பலாம்."

எல்லோரும் சரி என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். நாய் வந்து என் கால்மேல் படுத்தது. அதற்கு என்ன தெரியும், பாவம்.

9

முடிவுகள்.

அ) நாய் செத்துப்போகிறது. கடல் வந்து எடுத்துப்போகிறது. மூன்று பெயர்களும் கரையில் ஒதுங்குகின்றன. இதை எழுதியபோது எனக்கே கண்ணீர் வந்தது. கன்னியம்மாவிடம் படித்தேன்.

"உசுரோட கீற நாய கொன்னுட்டு கைதட்டு வாங்கப்போறியா? வெக்கமா இல்ல?"

ஆ) நாய் ஓடிவருகிறது. பஸ் பின்னால், பழையபடி, தோப்பு முடிகிற வரைக்கும். மூன்று கூட்டும் ஒரே பெயர் வைக்கிறது. எல்லாம் சுபம்.

"அப்ப நீ சொன்ன பொய்?" என்றாள்.

"அது யாருக்கும் தெரியாதே."

"எனக்குத் தெரியுது. நாய்க்கு எத போட்டன்னு எழுதி வெக்கறீங்க, சரி. நீ எத மறைச்சன்னு எவன் எழுதுவான்? முழுசா தெரிஞ்ச ஒருத்தர்னு டாக்டரம்மா சொல்லிச்சே. பாதி சொல்றவன்கிட்டயா அத குடுப்பாங்க?"

இ) இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவள் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

10

நோட்டு என் சீட்டுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. மூன்று வாரம் ஓடிவிட்டது. சில வரிகள்:

"திங்கள். செங்கல்வராயன் கூட்டு. வெறும் சோறு, பூசணி, முட்டை ஒன்று. கையை ரெண்டு தடவை கழுவினேன். நிலை: முழுசும் சாப்பிட்டது."

"திங்கள். ரஞ்சித் கூட்டு. தண்ணி மட்டும். பக்கோடா கேட்டு மூஞ்சியையே பார்த்தது. கொடுக்கல. நிலை: எங்க மேல கோவம்."

"செவ்வாய். ஏசுபாதம். கோழி, எலும்பு எடுத்தது, நானே கிளறிப் பார்த்தேன். நிலை: ஈறு லேசா சிவப்பு. ஸ்தோத்திரம்."

இந்தக் கதையையும் அதே நோட்டின் பின்பக்கங்களில்தான் எழுதிக்கொண்டு வருகிறேன். இத்தனை நேரம் நீங்கள் படித்தது அதைத்தான்.

இன்று புதன். மதியம் மூன்று இருபது. பஸ் சவுக்குத் தோப்பில் நிற்கிறது, நோட்டு ஸ்டீயரிங்மேல். ஏசுபாதம் கூட்டு இறங்கிக்கொண்டிருக்கிறது. காற்று தோப்பில் அடிக்கிற சத்தம் அப்படியே கடல் சத்தம்தான், கண்ணை மூடினால் சக்கரம் நனைகிறது. நாய் நிழலிலிருந்து எழுந்து, நாலு அடி ஓடி, நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு வாலை ஆட்டுகிறது. அது பிழைத்துவிட்டதா என்று கேட்டால், இன்றைக்கு இந்த நிமிஷம் நிற்கிறது. டாக்டரும் அதற்கு மேல் சொல்லவில்லை.

நோட்டின் முன்பக்கத்தில், இன்றைய தேதிக்கு நேராக, இதை எழுதிவிட்டேன்:

"டிரைவர். நேற்றுதான் பார்த்தேன் என்றது பொய். நாலு மாதம் மூன்று கூட்டும் போட்டதைப் பார்த்தேன். நாய் ஓடாமல் போனதையும் பார்த்தேன். கதைக்கு ஆகும் என்று சொல்லாமல் இருந்தேன். விவரம் பின்பக்கம். பொறுப்பு இனி யாரிடம் என்று நீங்கள் எழுதுங்கள். கொடுத்தவர் கையெழுத்து"

போட்டுவிட்டேன். வாங்கியவர் கட்டம் காலியாக இருக்கிறது.

ஏசுபாதம் அண்ணனுக்கு முட்டி வலி, கடைசியாகத்தான் இறங்குவார். இதோ, டிபன் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நிற்கிறார். தினமும் கேட்பதையே கேட்கிறார்.

"நோட்ட குடு அண்ணாத்த. பேனா கீதா?"

என்னிடம் ஒரே பேனாதான், நான் எழுதிக்கொண்டிருக்கிற இது. கையை நீட்டிவிட்டார், ஆகவே இதற்கு மேல் நான்